கூண்டில் நிற்பவர் – 9: ‘ஆமா சாமி’

போன வாரம் கிட்டியோடு நிறுத்தியிருந்தோம்.

ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு குச்சிகள், நடுவில் ஒரு விவசாயியின் விரல்கள். வரிப் பாக்கியைக் கறக்கவும் அதுதான் கருவி, திருட்டை ஒப்புக்கொள்ள வைக்கவும் அதுதான். கிட்டி இல்லாத இடத்தில் அண்ணாந்தாள். ஆளைக் குனியவைத்து, நிமிர முடியாதபடி அவன் துணியாலேயே கட்டி, வெயிலில் நிறுத்திவிடுவார்கள்.

1854 ஜூலையில் இந்தப் பேச்சு லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. அந்த ஆண்டே சென்னையில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கொண்ட சித்திரவதை விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. மொத்தம் 1,959 புகார்கள் வந்தன. முந்நூறு, நானூறு மைல் நடந்து வந்து சொன்னவர்களும் உண்டு. 1855இல் அறிக்கை வெளியானது. இரண்டு ஆண்டு கழித்து அதை வைத்துக் கார்ல் மார்க்ஸ் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினார்.

அன்று விழுப்புரமும் திண்டிவனமும் தென்னாற்காடு ஜில்லாவின் தாலுகாக்கள். வரி கேட்கும் தாசில்தாரே போலீஸுக்கும் தலைவர். அடிப்பவரும் அவர் ஆள், அடித்ததை விசாரிக்க வேண்டியவரும் அவர் ஆள். இந்த முடிச்சை அவிழ்க்க 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1861இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது என்று அது சொன்னது. 1872இன் சாட்சியச் சட்டம் அதையே 25, 26 பிரிவுகளாக எடுத்துக்கொண்டது.

ஸ்டேஷனில் சொன்ன ‘ஆமாம்’ செல்லாது. நல்ல விதி. இன்றும் அதுதான் விதி.

அப்படியென்றால் செல்லக்கூடிய ‘ஆமாம்’ எங்கே கிடைக்கும்?

*

கோர்ட்டில் கிடைக்கும்.

எந்த மாஜிஸ்திரேட் நீதிமன்றமாக இருந்தாலும் காலையில் போய் ஒரு மணி நேரம் பின்பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். டவாலி வாசலில் நின்று பெயரை மூன்று முறை கூப்பிடுவார். பெஞ்ச் கிளார்க் கட்டைப் பிரிப்பார். வக்கீல்கள் வாய்தா கேட்பார்கள். ரிமாண்டு கைதியைப் போலீஸார் அழைத்து வந்து கூண்டில் ஏற்றுவார்கள். செருப்பு வெளியே கிடக்கும். கைகள் தாமாகவே கட்டிக்கொள்ளும்.

குற்றச்சாட்டு வாசிக்கப்படும். பிறகு அந்தக் கேள்வி வரும்.

“குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?”

கேட்டு முடிக்க மூன்று வினாடி ஆகாது. பதில் சொல்லவும் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதிலில் ஒரு மனிதனின் அடுத்த பத்து வருஷம் இருக்கலாம். இந்தத் தொடர் முழுக்க நான் எழுத நினைப்பது இந்தச் சில வினாடிகளைப் பற்றித்தான்.

*

சட்டம் அந்த இடத்தில் அவனுக்கு என்னென்ன வழி திறந்து வைத்திருக்கிறது?

கேள்வி வருவதற்கு முன்பே ஒரு வழி இருக்கிறது. குற்றப்பத்திரிகையின் நகலை இலவசமாகப் பெற்று, ‘இதில் என்மேல் வழக்கு நடத்தவே ஆதாரம் இல்லை, என்னை விடுவியுங்கள்’ என்று மனுப் போடலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, மாஜிஸ்திரேட் விசாரிக்கும் வாரண்டு வழக்குகளில் இதற்கு 60 நாள் கெடு வைத்திருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்குப் போய் வழக்கையே ரத்து செய்யக் கேட்கலாம். சமாதானமாகப் போகச் சட்டம் அனுமதிக்கும் குற்றமாக இருந்தால், புகார் கொடுத்தவரோடு பேசி முடித்துக்கொள்ளலாம்.

அது எதுவும் இல்லாமல் கேள்வி வந்துவிட்டால், ‘இல்லை, விசாரணை வேண்டும்’ என்று சொல்லலாம். அங்கிருந்து பாரம் முழுக்க அரசுத் தரப்பின் தோளில் ஏறிவிடும். சாட்சியைக் கொண்டுவர வேண்டியது அவர்கள். கூண்டில் நிற்பவன் வாய் திறக்கவே தேவையில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சியாக இருக்க யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 20(3) சொல்கிறது.

பேசாமலும் நிற்கலாம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பதில் சொல்ல மறுத்தவனைப் படுக்கவைத்து, வாய் திறக்கும் வரை மார்மேல் பாரம் ஏற்றினார்கள். அந்தக் கொடுமை 1772இல்தான் ஒழிந்தது. நம் சட்டத்தில் மௌனத்துக்குத் தண்டனை இல்லை. பேசாதவன் விசாரணை கேட்டதாகவே வைத்துக்கொண்டு வழக்கு நடக்கும்.

கடைசி வழி, ‘ஆமாம்’.

இங்கேயும் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டதும் தண்டித்தே ஆக வேண்டும் என்று அது நீதிபதிக்குக் கட்டளை இடவில்லை. தண்டிப்பது அவருடைய விருப்புரிமை. சந்தேகம் வந்தால் அந்த ‘ஆமாம்’ இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சாட்சியைக் கூப்பிடலாம். சம்மன் வழக்குகளில் இன்னொரு நுட்பமான ஏற்பாடு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதைக் கூடியவரை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுத வேண்டும். ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடக் கூடாது. ‘பசிக்கு எடுத்தேன் சாமி’ என்றால் அதையேதான் எழுத வேண்டும். ‘அவங்க சொல்லச் சொன்னாங்க சாமி’ என்றால், அதையும்.

சட்டப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரிகளில் அது ஒன்று.

*

இனி திண்டிவனத்துக்குப் போவோம்.

ஏரிக்கரைப் புறம்போக்கில், ஊருக்கு வெளியே, பத்துப் பதினைந்து குடிசைகள். இருளர் குடியிருப்பு. எலி பிடிப்பது, பாம்பு பிடிப்பது, தோப்புக் காவல், செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டு, இவைதான் பிழைப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் இருளர்கள் சுமார் 1.9 லட்சம் பேர். மிகவும் பின்தங்கிய நிலையில் உள்ள பழங்குடிகளின் பட்டியலில் அவர்களும் இருக்கிறார்கள். பலருக்குப் பட்டா இல்லை. சாதிச் சான்றிதழுக்கே வருஷக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது.

அக்கம்பக்கத்தில் எங்காவது திருட்டு நடந்து ஆள் கிடைக்காவிட்டால், ராத்திரியில் வண்டி வந்து நிற்பது இந்தக் குடிசை வாசலில்தான். இதை அந்த மக்கள் இருபது முப்பது வருஷமாக மனுக்களிலும் மேடைகளிலும் சொல்லி வருகிறார்கள். 2021 நவம்பரில் வெளிவந்த ‘ஜெய் பீம்’ படத்தைப் பார்த்தபோது வெளியூர்க்காரர்கள் திடுக்கிட்டார்கள். விழுப்புரம் பக்கத்து இருளர்களுக்கு அதில் புதிதாக எதுவும் இருக்கவில்லை.

பிடித்துப் போனவனுக்குக் கோர்ட்டு வாசலில் என்ன சொல்லப்படும்? கேட்டால் பலரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்.

“டேய், ஐயா கேட்டா ஆமா சாமின்னு சொல்லிடு. இருந்த நாளைக் கழிச்சிக்குவாங்க. இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்.”

“சரிங்க சாமி.”

*

செய்யாத ஒருவன் ஏன் ‘ஆமா சாமி’ என்கிறான்? அடிக்குப் பயந்துதான் என்று நினைத்துவிடுகிறோம். அடி ஒரு காரணம். ஆனால் அடியே விழாவிட்டாலும் அவன் அதையேதான் சொல்லியிருப்பான் என்று தோன்றுகிறது. காரணம் ஒரு கணக்கு.

சாதாரணத் திருட்டுக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை தண்டனை. ஒருவனை ரிமாண்டு செய்து 40 நாள் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேடம்பட்டு மாவட்டச் சிறையில் இருக்கிறான். ஜாமீன் உத்தரவு வந்தாலும் வெளியே வர முடியவில்லை. ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும். அவர்களிடம் வீட்டு வரி ரசீது வேண்டும். புறம்போக்கில் இருப்பவனுக்குத் தெரிந்தவர்களும் புறம்போக்கில்தான் இருப்பார்கள்.

1978இல் மோத்தி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. அவர் ஒரு கொத்தனார். 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். சொந்த அண்ணன் தம்பி வந்து நின்றும், அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். ஏழையிடம் அவனால் முடியாத ஜாமீனைக் கேட்பது ஜாமீனை மறுப்பதற்குச் சமம் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் அன்று கடிந்துகொண்டார். நாற்பத்தைந்து வருஷம் தாண்டிவிட்டது. ரசீது இன்னும் கேட்கப்படுகிறது.

இப்போது கூண்டில் நிற்பவனின் கணக்கைப் பாருங்கள். ‘இல்லை’ என்றால் சாட்சி, வாய்தா, மறுபடி வாய்தா. எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. வெளியே பெண்டாட்டி பிள்ளைகள் சூளையில் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘ஆமாம்’ என்றால், சிறையில் கழிந்த நாளே தண்டனை என்று எழுதப்பட்டு, சாயங்காலத்துக்குள் வீடு போய்ச் சேரலாம்.

குற்றமற்றவனுக்கு உண்மை சொன்னால் சிறை, பொய் சொன்னால் வீடு. அவன் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதை அவனிடம் யாரும் சொல்வதில்லை. ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவன் ‘நான் செய்யவில்லை’ என்று மேல்முறையீடு போக முடியாது. தண்டனையின் அளவு பற்றியோ அது சட்டப்படி சரியா என்பது பற்றியோதான் கேட்கலாம். அடுத்தது அதைவிட மோசம். அந்தத் தண்டனை அவன் பெயரில் பதிவாகிவிடும். அடுத்த முறை தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போனாலும் அவன் ‘பழைய குற்றவாளி’. முந்தைய தண்டனை இருந்தால் அடுத்ததைக் கூட்டலாம் என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 75ஆம் பிரிவே சொன்னது. இன்று வீடு போக உதவிய ‘ஆமாம்’ நாளைக்கு அவனைப் பிடித்துப் போகும் காரணம் ஆகிறது. ஒரு ‘ஆமாம்’ இரண்டாகும், மூன்றாகும். நான்காவது முறை கூண்டில் ஏறும்போது அவன் கட்டு இவ்வளவு கனமாக இருக்கும். அதைப் பார்க்கும் நீதிபதிக்கும் சந்தேகம் வராது.

*

இந்தப் பகுதியில் இதற்கு ஒரு பழைய வேரும் இருக்கிறது.

கைரேகைச் சட்டம் என்று நம் ஊர்களில் சொல்லப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே தொடங்கி, 1911இன் திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பட்டியலில் உள்ள சாதியில் பிறந்தவன் கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் ஆஜர் சொல்ல வேண்டும். தென்னாற்காட்டில் அஜீஸ் நகர் என்ற குடியேற்றமே அதற்காக இருந்தது. அங்கே ‘ஒப்புக்கொள்கிறாயா’ என்ற கேள்வியே தேவைப்படவில்லை. பிறப்பையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள்.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ரத்தானது. அந்த ஆண்டு மாகாண முதல்வராகப் பொறுப்பேற்றவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். ஓமந்தூர், திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர். இந்த மண்ணின் ஒரு மனிதர் முதல்வராக வந்த ஆண்டில் அந்தச் சட்டம் மறைந்தது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. நாடு முழுவதற்கும் ரத்தாக 1952 வரை ஆனது.

சட்டம் மறைந்த பிறகும் குடிசையைப் பார்த்ததும் சந்தேகப்படும் பழக்கம் ஸ்டேஷனில் தங்கிவிட்டது. ‘சந்தேகக் கேஸ்’ என்ற சொல்லே எங்கள் பக்கம் சாதாரணப் பேச்சில் வழங்கும்.

*

திருப்பம் 1990களில் வந்தது.

திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர் பேராசிரியர் கல்யாணி. பிரபா கல்விமணி என்ற பெயரிலும் அறியப்பட்டவர். 1993இல் விழுப்புரம் பகுதியைச் சேர்ந்த ஓர் இருளர் இளம்பெண், புதுச்சேரிப் போலீஸார்மீது பாலியல் வன்கொடுமைப் புகார் சொன்னார். அந்தப் பெண்ணுக்காக அலையத் தொடங்கியவர்களில் அவர் முன்னே நின்றார். அந்த வழக்கைத் தனியே ஒரு வாரம் எழுத வேண்டும். இங்கே நமக்கு வேண்டியது அதிலிருந்து எழுந்த அமைப்பு, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம். திண்டிவனத்தில் இருந்துகொண்டே மாவட்டம் முழுக்க அது நடந்தது.

சங்கம் என்ன செய்தது? மனு எழுதியது. ஆளைப் பிடித்துப் போன செய்தி வந்ததும் தந்தி கொடுத்தது. எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்கு, யார் வண்டி என்று குறித்து வைத்தது. இந்தக் குறிப்பு சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற விதிக்கு உயிர் வருவது, பிடித்த நேரத்தை யாராவது குறித்து வைத்திருந்தால்தான். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் கைதுக்கான நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் வகுத்தபோது, உறவினருக்குச் சொல், நேரத்தை எழுது என்று அது வற்புறுத்தியதும் இதனால்தான்.

எல்லாவற்றையும் விட முக்கியமான வேலை, கூண்டில் ஏறப்போகிறவனிடம் ஒரு சொல்லைக் கொடுப்பது.

“அண்ணே, செய்யலைன்னா செய்யலைன்னு சொல்லுங்க. பயப்படாதீங்க. வெளியில நாங்க இருக்கோம்.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். வெளியே ஜாமீனுக்கு அலைய ஆள் உண்டு, வக்கீலுக்குச் சொல்ல ஆள் உண்டு, குடும்பத்துக்கு அரிசி போய்ச் சேர ஆள் உண்டு. இது தெரிந்த பிறகுதான் அந்தப் பழைய கணக்கு மாறுகிறது. ‘இல்லை’ என்ற சொல் அவனுக்குக் கட்டுப்படியாகிறது.

*

உச்ச நீதிமன்றமும் தன் வழியில் அங்கேதான் வந்து சேர்ந்திருந்தது.

1980இல் குஜராத்திலிருந்து ஓர் உணவுக் கலப்பட வழக்கு வந்தது. ஒப்புக்கொண்டால் லேசாக முடித்துவிடலாம் என்ற பேச்சில் ஒருவர் ஒப்புக்கொண்டார். மாஜிஸ்திரேட் சொற்பத் தண்டனை கொடுத்தார். உயர் நீதிமன்றமோ தண்டனையைக் கூட்டிவிட்டது. காசம்பாய் வழக்கு என்று அதற்குப் பெயர். நீதிபதி பகவதி அந்த ஒப்புதலையே செல்லாது என்றார். இப்படிப் பேரம் பேசினால், இழுத்தடிக்கும் விசாரணைக்குப் பயந்து குற்றமற்றவனும் ஒப்புக்கொண்டுவிடுவான் என்பது அவர் சொன்ன காரணம். வழக்கு மறுபடி விசாரணைக்குப் போனது.

1986இல் அருணாசலப் பிரதேசத்திலிருந்து சுக் தாஸ் வழக்கு. வக்கீல் இல்லாமலே விசாரித்துத் தண்டித்திருந்தார்கள். அவர் இலவச வக்கீல் கேட்கவில்லையே என்றது அரசு. அப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாதவன் எப்படிக் கேட்பான் என்று பார்த்தது உச்ச நீதிமன்றம். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று தீர்ப்பானது. தண்டனை ரத்தானது.

இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் ஒரு ஏழைக்கு வேண்டிய கவசம் முழுசாக இருக்கிறது. பேரம் கூடாது, வக்கீல் வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இல் வந்தது, 1995 நவம்பர் 9இல் நடப்புக்கு வந்தது. இன்று விழுப்புரத்தில் மாவட்ட ஆணைக்குழு உண்டு. தாலுகாக்களில் வட்டக் குழுக்கள் உண்டு. பழங்குடியினர் வருமானச் சான்று இல்லாமலே இலவச வக்கீல் பெறலாம். 15100 என்ற எண்ணுக்கு யாரும் காசில்லாமல் அழைக்கலாம். இதைப் படிப்பவர்கள் அந்த எண்ணை வீட்டு வேலைக்கு வருகிறவருக்கும் சூளையில் உழைக்கிறவருக்கும் சொல்லி வையுங்கள்.

*

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை.

நீதிமன்றங்களில் வழக்குகள் மலைபோல் சேர்ந்துகொண்டிருந்தன. சட்டக் கமிஷன் 1991இல் ஒரு யோசனை சொன்னது, 1996இல் மறுபடி சொன்னது, 2001இலும் சொன்னது. உச்ச நீதிமன்றம் எதைக் கூடாது என்றதோ, அதையே ஒழுங்குபடுத்திச் சட்டம் ஆக்கலாம் என்பது யோசனை. குற்றம் சாட்டப்பட்டவரே மனுப் போட வேண்டும். அவர் தன் விருப்பத்தோடுதான் வந்தாரா என்று நீதிபதி தனியறையில், எதிர்த்தரப்பு இல்லாமல் கேட்க வேண்டும். பிறகு பாதிக்கப்பட்டவர், அரசு வக்கீல், போலீஸ் எல்லோரும் உட்கார்ந்து பேசி இழப்பீட்டையும் தண்டனைக் குறைப்பையும் முடிவு செய்யலாம். ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கும் இந்த வழி கிடையாது. ஏற்கெனவே அதே குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்கும் கிடையாது.

அந்தக் கடைசி விலக்கை இன்னொரு முறை படியுங்கள். ஒரு தடவை ‘ஆமா சாமி’ சொல்லி வீடு போனவனுக்கு, அதே குற்றச்சாட்டு மறுபடி வந்தால் இந்தக் கதவு மூடியிருக்கும்.

2006 ஜூலை 5 அன்று அந்த யோசனை ஓர் அத்தியாயமாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நடப்புக்கு வந்தது. கோர்ட்டு வாசலில் காதோடு காதாகச் சொல்லப்பட்ட பேரத்துக்கு முதல் முறையாக ஒரு மேசையும் நாற்காலியும் கிடைத்தன. இப்போதைய சன்ஹிதாவில் அதற்கு மனுப் போட, குற்றச்சாட்டு வனைந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம்.

அந்த மேசையின் ஒரு பக்கத்தில் அரசு வக்கீல் உட்காருகிறார், விசாரணை அதிகாரி உட்காருகிறார். எதிர்ப்பக்கம், ஏரிக்கரையிலிருந்து வந்தவனுக்குப் பக்கத்து நாற்காலியில் அந்த 30 நாளுக்குள் வந்து உட்காரப்போவது யார்?

(அடுத்த வாரம்)